உப்பை நீக்கும் அட்டவணை

நுழையும்முன்

மருந்துகளைத் தேடும் ஆய்வாளர் இன்று முதலில் திறப்பது சோதனைக்குழாய் அடுக்கை அன்று. கணினித் திரையில் விரியும் அட்டவணை ஒன்றை. அதன் ஒவ்வொரு நிரையிலும் ஒரு மூலக்கூறு அமர்ந்திருக்கிறது. எண்களை வைக்கும் அட்டவணைக்கும் மூலக்கூறுகளை வைக்கும் அட்டவணைக்கும் உள்ள வேறுபாட்டை மரக்காணம் உப்பளக் கரையில் நின்று காண்பது இப்பாடம்.

உவர்நிலத்தின் குடிகள்

விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் இங்கு இருபுறமும் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தாற்போன்ற பாத்திகளையும், அவற்றின் வரப்புகளில் குவிந்துள்ள வெண்ணிற உப்புக் குவியல்களையும் காணலாம். அருகில் கழுவேலி ஏரி. அது 2021-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

உப்பு மிகுந்த மண்ணில் பெரும்பாலான செடிகள் வாழ இயலா. வேரைச் சுற்றியுள்ள நீர் உள்ளிருக்கும் நீரைவிடச் செறிவு மிக்கதாக இருப்பின், நீர் செடிக்குள் செல்லாது. மாறாகச் செடியிலிருந்து வெளியேறும். எனினும் உப்பளங்களின் வரப்போரம் உமரி செழிக்கிறது. முகத்துவாரச் சேற்றில் கண்டல் நிற்கிறது. பாத்தி நீரிலேயே டுனலியெல்லா என்னும் ஒருசெல் பாசி வாழ்கிறது. இவை எவ்வாறு பிழைக்கின்றன? செல்லுக்குள் சில சிறிய மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்துக்கொள்வதனால்தான். அவை உள்ளிருக்கும் நீரின் செறிவை உயர்த்தி, வெளியே உள்ள உப்புக்கு ஈடுகொடுக்கின்றன. அதே வேளையில் செல்லின் புரதங்களுக்குத் தீங்கு செய்வதில்லை. உப்பு நிலத்தோடு தொடர்புடைய ஐந்து பொருள்களைக் கீழே காண்க.

| பொருள் | அணுக்கள் | மோலார் நிறை | காணப்படும் உயிர் |
|---|---|---|---|
| கிளைசின் பீட்டைன் | கார்பன் 5, ஹைட்ரஜன் 11, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 2 | 117.15 | உமரி, கண்டல் |
| புரோலின் | கார்பன் 5, ஹைட்ரஜன் 9, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 2 | 115.13 | பல தாவரங்கள் |
| கிளிசரால் | கார்பன் 3, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 3 | 92.09 | டுனலியெல்லா |
| எக்டோயின் | கார்பன் 6, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2 | 142.16 | உவர்நீர் பாக்டீரியா |
| பீட்டா கரோட்டின் | கார்பன் 40, ஹைட்ரஜன் 56 | 536.87 | டுனலியெல்லா |

இவற்றுள் முதல் நான்கும் செறிவை ஈடுசெய்பவை. ஐந்தாவது, கடும் வெயிலிலிருந்து பாசியைக் காப்பது. அடர்ந்த உவர்நீர் சில வேளைகளில் செந்நிறம் கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

படம் எழுத்தாகிறது

மேற்கண்டது அச்சுத்தாளுக்குரிய அட்டவணை. இதனை மூலக்கூறு மாதிரியாக்க மென்பொருளில் இட்டால் என்ன மாறும்? பொது விரிதாளில் ஒரு கட்டத்துள் எண்ணோ சொல்லோ இருக்கும். வேதிக்கட்டமைப்பு விரிதாளில் ஒரு நிரல் முழுவதும் கட்டமைப்புகளுக்கே உரியது. கட்டத்தில் ‘புரோலின்’ என்னும் பெயர் மட்டும் இராது. எந்த அணு எந்த அணுவுடன் எத்தகைய பிணைப்பால் இணைந்துள்ளது என்ற முழுச்செய்தியும் இருக்கும். அதனைக் கணினி படமாக வரைந்து காட்டும், கணக்கிடும், மற்றொன்றோடு ஒப்பிடும்.

அணுக்களின் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை நீங்கள் வேதியியல் பாடத்தில் மாற்றியங்களைப் படிக்கும்போது அறிந்திருப்பீர்கள். இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் ஆகியவற்றைக் கொண்டு எத்தனாலையும் அமைக்கலாம். டைமெத்தில் ஈதரையும் அமைக்கலாம். முன்னது 78 டிகிரி செல்சியசில் கொதிக்கும் திரவம். பின்னது சுழியத்திற்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்து வளியாகிவிடும். இரண்டின் மோலார் நிறையும் 46.07 தான். ஆகவே இணைப்பின் ஒழுங்கை எழுதியாக வேண்டும்.

அதற்கான எளிய வழியை அமெரிக்க வேதியியலார் டேவிட் வைனிங்கர் 1988-இல் வெளியிட்டார். ‘ஸ்மைல்ஸ்’ எனப்படும் அம்முறை மூலக்கூற்றை ஒரு வரி எழுத்தாக மாற்றுகிறது. கார்பனுக்குச் ‘சி’, ஆக்சிஜனுக்கு ‘ஓ’. எத்தனால் ‘சிசிஓ’ ஆகும். டைமெத்தில் ஈதர் ‘சிஓசி’ ஆகும். ஹைட்ரஜன்களை எழுத வேண்டுவதில்லை. கார்பனுக்கு நான்கு பிணைப்புகள் என்ற விதியிலிருந்து கணினியே அவற்றை நிரப்பிக்கொள்ளும். கிளைகளுக்கு அடைப்புக்குறி, வளையம் தொடங்கும் அணுவுக்கும் முடியும் அணுவுக்கும் ஒரே எண். பிணைப்பின்றி அடுத்தடுத்து இருக்கும் இரு துண்டுகளுக்கு இடையே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை நினைவில் கொள்க. பின்னர் அது நமக்கு வேலை வைக்கும்.

எத்தனாலைப் பின்னிருந்து தொடங்கி ‘ஓசிசி’ என்றும் எழுதலாம் அல்லவா? எழுதலாம், தவறில்லை. ஆனால் அட்டவணையில் ஒரே பொருள் இரண்டு நிரைகளில் இரண்டு பொருளாக நின்றுவிடும். எனவே மென்பொருள் ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் ஒரே ஒரு நிலைத்த வடிவத்தைத் தேர்ந்து மாற்றி எழுதும். பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 2005-இல் இதற்கெனவே ‘இன்ச்சி’ என்னும் அடையாளக் குறியீட்டை வெளியிட்டது. அதன் சுருக்கச் சாவியில் 25 எழுத்துகளும் 2 இணைப்புக்கோடுகளும் இருக்கும். படிப்பதற்கு அது இனிமையானதன்று. தேடுவதற்கு மிகவும் ஏற்றது.

தெரியுமா?

பொது விரிதாள் மென்பொருள்கள் சில சொற்களை நாள்களாகக் கருதி மாற்றிவிடும். ‘மார்ச்1’ என்னும் மரபணுப் பெயர் ‘மார்ச் மாதம் முதல் நாள்’ ஆகிவிடும். மரபணுப் பட்டியல்களைப் பின்னிணைப்பாகக் கொண்ட கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததை 2016-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. மென்பொருளைத் திருத்துவதைவிடப் பெயரைத் திருத்துவதே எளிது எனக் கண்ட பெயரிடு குழு, 2020-இல் அம்மரபணுக்களுக்கு வேறு பெயர் சூட்டுவதற்கான நெறிகளை வெளியிட்டது. வேதிப்பொருள்களின் பதிவெண்களுக்கும் இவ்விடர் உண்டு. காஃபீனின் பதிவெண் 58-08-2. இது 1958 ஆகஸ்டு 2 என்று மாறிவிட வாய்ப்புண்டு. ஆகவே அந்நிரலை முன்கூட்டியே ‘உரை’ என வகைப்படுத்த வேண்டும்.

பாத்திகளும் வடிகட்டிகளும்

கட்டமைப்பு உள்ளே வந்துவிட்டால், மற்ற நிரல்களை மென்பொருளே நிரப்பும்: மோலார் நிறை, ஹைட்ரஜன் பிணைப்பை வழங்கும் தொகுதிகளின் எண்ணிக்கை, ஏற்கும் அணுக்களின் எண்ணிக்கை, நீரைவிட எண்ணெயை எவ்வளவு நாடும் என்பதைக் காட்டும் மடக்கை எண், வளையங்கள் எத்தனை, சுழலக்கூடிய பிணைப்புகள் எத்தனை என நிரல்கள் நீளும். ஆர்டிகிட், டேட்டாவாரியர் போன்ற கட்டணமற்ற மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான நிரைகளுக்கு இவற்றைச் சில நொடிகளில் கணக்கிட்டுவிடும்.

இனி வடிகட்டுதல். உப்பளத்தில் உவர்நீர் ஒரே பாத்தியில் உப்பாவதில்லை. தேக்கப் பாத்தியிலிருந்து அடுத்தடுத்த பாத்திகளுக்குச் செல்லச் செல்ல வெயிலில் சுண்டி அடர்த்தி ஏறுகிறது. முதலில் கால்சியம் கார்பனேட்டு படியும். பின்னர் ஜிப்சம் படியும். பொமே மானி ஏறத்தாழ 25 டிகிரி காட்டும்போது சோடியம் குளோரைடு படிகமாகும். அதற்குமேல் மிகுதியாகச் சுண்டவிட்டால் மெக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். ஆதலின் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவர். எந்தப் பாத்தியில் எது தங்க வேண்டும், எது கடக்க வேண்டும் என்பதை அடர்த்தி என்னும் ஒரே அளவு தீர்மானிக்கிறது.

அட்டவணை வடிகட்டியும் அத்தகையதே. வாய்வழி உட்கொள்ளத்தக்க மருந்துக்குரிய பொருள்களைப் பிரிக்க, கிறிஸ்டோபர் லிபின்ஸ்கி 1997-இல் வகுத்த விதி புகழ்பெற்றது. நிறை 500-க்கு மிகாதிருத்தல், எண்ணெய் நாட்ட எண் 5-க்கு மிகாதிருத்தல், ஹைட்ரஜன் பிணைப்பு வழங்கிகள் 5-க்கும் ஏற்பிகள் 10-க்கும் மிகாதிருத்தல் என்பன அதன் கூறுகள். ஒன்றுக்கு மேற்பட்ட கூறுகளை மீறும் பொருள் குடலில் நன்கு உறிஞ்சப்படாதிருக்க வாய்ப்பு மிகுதி.

நம் ஐந்து பொருள்களையும் இதில் செலுத்துவோம். நான்கு எளிதாகக் கடந்துவிடுகின்றன. பீட்டா கரோட்டின் நிறையிலும் எண்ணெய் நாட்டத்திலும் வரம்பு மீறுகிறது, வெளியேற்றப்படுகிறது. ஆனால் கேரட்டிலும் முருங்கைக் கீரையிலும் அதனை நாம் உண்கிறோம். உடல் அதனைக் கொழுப்போடு உறிஞ்சி வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அப்படியாயின் விதி பொய்யா? அன்று. வைட்டமின்களும் சில நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் இவ்விதிக்குள் அடங்கா என்பதை அதனை வகுத்தவர்களே எழுதியுள்ளனர். விதியை எடுத்துக்கொண்டு அதன் விலக்கை மறந்துவிடுவது, அதனை மென்பொருளில் ஒரு பொத்தானாக அழுத்துவோரின் வழக்கமாகிவிட்டது.

உப்பு நீக்கம்

மருந்துப் பட்டியல்களைத் தூய்மை செய்யும்போது முதலில் செய்யப்படும் பணிக்கு ‘உப்பு நீக்கம்’ என்றே பெயர். பல மருந்துகள் கரைவதற்காகவும் கெடாதிருப்பதற்காகவும் உப்பு வடிவில் ஆக்கப்படுகின்றன. வலிக்குத் தரப்படும் டைக்ளோஃபினாக் சோடியத்தின் மோலார் நிறை 318.13, சோடியம் இல்லாத டைக்ளோஃபினாக் அமிலத்தின் நிறை 296.15. உடலில் வினைபுரிவது டைக்ளோஃபினாக். சோடியம் துணைக்கு வந்தது. எழுத்து வடிவில் இவ்விரண்டுக்கும் இடையே, மேலே நினைவில் கொள்ளச் சொன்ன புள்ளி நிற்கும். மென்பொருள் புள்ளியின் இருபுறமும் நோக்கி, தன் பட்டியலில் உள்ள சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற துண்டுகளை நீக்கி, எஞ்சிய மின்சுமையைச் சமன்செய்யும்.

இப்பணி இன்றியமையாதது. கிளைசின் பீட்டைன் சில பட்டியல்களில் 117.15 நிறையுடனும், அதன் ஹைட்ரோகுளோரைடு உப்பு 153.61 நிறையுடனும் வெவ்வேறு நிரைகளாக வரும். உப்பை நீக்கினால்தான் இரண்டும் ஒன்றே எனத் தெரியும். ஆனால் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. பீட்டைனின் நைட்ரஜன் நான்கு கார்பன்களோடு பிணைந்து நேர்மின்சுமை பெற்றது. அதிலிருந்து கழற்றுவதற்கு ஹைட்ரஜன் இல்லை. மறுமுனையில் உள்ள கார்பாக்சிலேட்டு எதிர்மின்சுமை உடையது. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்வதால் மொத்தச் சுமை சுழியம். ‘எங்கெல்லாம் எதிர்மின்சுமை உண்டோ அங்கெல்லாம் ஒரு ஹைட்ரஜனைச் சேர்’ என்று கண்மூடித்தனமாகக் கட்டளையிட்டால், நேர்மின்சுமை மட்டும் எஞ்சி, உமரியின் இலையில் உள்ளதினின்று வேறான ஒரு பொருள் அட்டவணையில் அமர்ந்துவிடும்.

உப்பையே ஒரு நிரையாக இட்டால் என்னாகும்? சோடியம் குளோரைடின் நிறை 58.44. சோடியமும் நீக்கப்பட வேண்டிய துண்டு. குளோரைடும் நீக்கப்பட வேண்டிய துண்டு. ஆர்டிகிட்டில் உப்பு நீக்கியை இயல்பு நிலையிலேயே இயக்கினால் கட்டம் வெறுமையாகிவிடும். ‘எல்லாவற்றையும் நீக்கிவிடாதே’ என்று தனியே கூறினால்தான் ஏதேனும் எஞ்சும். மரக்காணத்து உப்பு மறைவதால் ஆய்வாளருக்கு இழப்பில்லை. லித்தியம் கார்பனேட்டின் நிரை மறைந்தால்? அது மனநல மருத்துவத்தில் பல்லாண்டுகளாகப் பயன்படும் மருந்து. அங்கே வினைபுரிவது லித்தியம் அயனியே; மென்பொருள் துணை என்று கருதித் தூக்கியெறியும் துண்டுதான் மருந்து. ஆயிரம் நிரைகள் உள்ள அட்டவணையில் ஒரு நிரை காணாமற்போவதை யாரும் கண்ணுறுவதில்லை. ஆகவே நீக்கத்திற்கு முன் இருந்த நிரைகளையும் பின் எஞ்சியவற்றையும் எண்ணிப் பார்த்தல், மூலக் கட்டமைப்பைத் தனி நிரலில் மாற்றாமல் வைத்திருத்தல் ஆகிய இரண்டும் இத்துறையின் அடிப்படை ஒழுக்கங்கள்.

அளவைக் கணக்கிடும்போதும் இவ்வேறுபாடு வந்து நிற்கும். 50 மில்லிகிராம் டைக்ளோஃபினாக் சோடியத்தில் உள்ள டைக்ளோஃபினாக்கின் அளவு, அமிலமாகக் கணக்கிட்டால், 46.5 மில்லிகிராம் மட்டுமே. கட்டமைப்பு நிரலில் உப்பை நீக்கிவிட்டு, அளவு நிரலில் உப்பின் எடையையே வைத்திருந்தால், ஒரே நிரையின் இரு கட்டங்கள் இரு வேறு பொருள்களைப் பற்றிப் பேசும்.

வலமும் இடமும்

பூனைக்காலி விதையில் லெவோடோப்பா என்னும் பொருள் உள்ளது. நடுக்குவாத நோய்க்கு அது மருந்து. அதன் ஆடி பிம்பமான டெக்ஸ்ட்ரோடோப்பா அப்பயனைத் தருவதில்லை. குருதியின் வெள்ளணுக்கள் சிலவற்றைக் குறைக்கும் தீங்கும் உடையது. இரண்டின் நிறையும் 197.19, வழங்கிகள், ஏற்பிகள் எண்ணிக்கையும் ஒன்றே. எண் நிரல்கள் எவையும் இவற்றைப் பிரித்துக் காட்டா. எழுத்து வடிவில் ஒரு குறி, அல்லது அதே குறி இருமுறை, அவ்வளவே வேறுபாடு. பழைய நூல்களிலிருந்து தட்டச்சு செய்யப்பட்ட பட்டியல்களில் அக்குறி விடுபட்டிருப்பின், ‘ஒத்த நிரைகளை ஒன்றாக்கு’ என்னும் கட்டளை மருந்தையும் நஞ்சையும் ஒன்றாக்கிவிடும்.

தரமணியில் ஒரு மூலிகை அட்டவணை

இத்தனை நுட்பங்களையும் எதிர்கொண்டு உருவான பேரட்டவணை ஒன்று தமிழ்நாட்டிலேயே உள்ளது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமல் தலைமையிலான குழு 2018-இல் ‘இம்பாட்’ என்னும் இந்திய மூலிகை வேதிப்பொருள் தரவுத்தளத்தை வெளியிட்டது. முதற்பதிப்பில் 1742 தாவரங்களும் 9596 வேதிப்பொருள்களும் இருந்தன. இரண்டாம் பதிப்பில் அவை 4010 தாவரங்களாகவும் 17967 வேதிப்பொருள்களாகவும் பெருகின. வேதிப்பொருள் எந்தத் தாவரத்தில் என்பதோடு, வேரிலா, இலையிலா, விதையிலா என்பதும் இதில் பதிவாகியுள்ளது. எவரும் இதனைக் காணலாம்.

இப்பணியில் வேதியியலைவிடப் பெயர்களே மிகுந்த இடர் தருகின்றன. ‘பிரம்மி’ என்னும் பெயர் நீர்ப்பிரம்மிக்கும் வழங்குகிறது, வல்லாரைக்கும் வழங்குகிறது. உவர்நிலத்தில் வளரும் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளை மக்கள் ‘உமரி’ என்றே அழைக்கின்றனர். வழக்குப் பெயரை மட்டும் நம்பினால் ஒரு செடியின் மூலக்கூறு மற்றொரு செடியின் நிரையில் ஏறிவிடும். அதனால் தாவரவியல் பெயரே நிரையின் முதன்மை அடையாளமாகிறது. வழக்குப் பெயரை நீக்கிவிடலாகாது. மருத்துவ அறிவு அப்பெயரோடுதான் நம்மிடம் வந்துள்ளது.

பதிவு செய்வதன் பயன் நீதிமன்ற வாயில் வரையும் நீளும். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் பழைய நூற்சான்றுகளை முன்வைத்து வாதிட்டபின், 1997-இல் அது நீக்கப்பட்டது. நம் பாட்டி அறிந்ததை மெய்ப்பிக்க அச்சிட்ட தாள் தேவைப்பட்டது. தேடினால் கிடைக்கும் வடிவில் மரபறிவு இருந்திருப்பின், காப்புரிமை அலுவலர் முதல் நாளிலேயே அதனைக் கண்டிருப்பார்.

மதிப்பெண் நிரல்

அட்டவணையின் வலக்கோடியில் பெரும்பாலும் ஒரு மதிப்பெண் நிரல் இருக்கும். மூலக்கூற்றை முப்பரிமாணத்தில் விரித்து, நோய்க்குரிய புரதத்தின் பள்ளத்தில் பொருத்திப் பார்த்து, எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என மென்பொருள் இடும் எண் அது. அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காமல் எந்த நிலைகளில் இருக்க இயலும் என்னும் கேள்வி இதன் அடிப்படைகளுள் ஒன்று. அக்கேள்வியைப் புரதச் சங்கிலிக்குக் கேட்டு, 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வரைந்த கோணப்படம் இன்றும் உலகெங்கும் புரதக் கட்டமைப்புகளைச் சரிபார்க்கப் பயன்படுகிறது.

மதிப்பெண் இரண்டு தசம இடங்களோடு வருவதால் துல்லியமானது போல் தோன்றும். அது மதிப்பீடே. இறங்குவரிசையில் அடுக்கி முதல் பத்து நிரைகளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பதினோராவது நிரை பயனற்றது என்று எழுதலாகாது.

மென்பொருள் தானே நிரப்ப இயலாத நிரல்களும் உள. மரக்காணத்து உமரியிலிருந்து எடுத்த சாற்றை ஒரு நிரையாகப் பதிவு செய்வதாகக் கொள்வோம். எந்த மாதத்தில் பறித்தது? உப்பு வாரும் காலத்திலா, மழைநீர் பாத்திகளை மூடியிருந்தபோதா? அன்று அங்கிருந்த நீரின் உவர்ப்பு எவ்வளவு? உவர்ப்பு ஏற ஏறச் செடி பீட்டைனை மிகுதியாகச் சேர்க்கும். மழை உப்பைக் கழுவியபின் அந்த அளவு தேவைப்படாது. எனவே கார்த்திகை மழையில் பறித்த இலையும் சித்திரை வெயிலில் பறித்த இலையும், கட்டமைப்பு நிரலில் ஒரே மூலக்கூற்றைக் காட்டினாலும், அட்டவணையில் இரண்டு நிரைகளாகவே எழுதப்பட வேண்டும்.